இருவர் பெயரில் வாடகை வீடு, பங்கு 90:10: ஃபார்ம் 17 போடும்போது

இங்கிலாந்தில் சேர்ந்து வாழும் கணவன் மனைவி பெயரில் ஒரு வாடகை வீடு இருந்தால், முழுப் பணத்தையும் ஒருவரே போட்டிருந்தாலும், எச்எம்ஆர்சி (பிரிட்டிஷ் வரித்துறை) வாடகை வருமானத்தை ஆளுக்குப் பாதியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதை மாற்றத்தான் ஃபார்ம் 17. "இனிமேல் 90:10 என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கிற விண்ணப்பம் இது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பயனுரிமை ஏற்கெனவே 90:10 ஆகிவிட்டது என்று தெரிவிக்கிற தாள் அவ்வளவுதான்.

சொலிசிட்டர்கள் பெனிஃபிஷியல் இன்ட்ரஸ்ட் என்பார்களே, அதுதான் பயனுரிமை: வாடகை யாருக்கு, விற்றால் காசு யாருக்கு. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் டைட்டிலில், அதாவது நிலப் பதிவகத்தின் உரிமைப் பதிவில், இதைத் தேடிப் பயனில்லை. அங்கே பெயர்கள் மட்டும்தான் இருக்கும், பங்கு இருக்காது.

லாபம் என்ன? வருட வாடகை லாபம் 12,000 பவுண்டு, கணவர் 40% வரியில், மனைவிக்கு வேறு வருமானம் இல்லை என்று வையுங்கள். பாதிப் பாதி என்றால் வரி 2,400. மனைவிக்கு 90% என்றால் அவருடைய 10,800 வரியில்லா வரம்பான 12,570-க்குள் அடங்கிவிடும். கணவர் கட்டுவது 480.

முதலில் வீடு வாங்கியபோது உரிமையை மாற்றப் போட்ட டிஆர்1 படிவத்தின் 10-ம் கட்டத்தைப் பாருங்கள். ஜாயின்ட் டெனன்ட்ஸ் என்று டிக் செய்திருந்தால் இருவருக்கும் சேர்த்து முழு வீடு, தனித்தனிப் பங்கே கிடையாது. இல்லாத பங்கை 90 என்று எழுத முடியாது. அதனால் லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கு எஸ்இவி படிவம் போட்டு அந்தக் கூட்டு உரிமையை முறித்து, டெனன்ட்ஸ் இன் காமன், அதாவது தனித்தனிப் பங்குள்ள உரிமையாளர்கள், ஆக வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. முடிந்ததும் டைட்டிலில் ஃபார்ம் ஏ தடைக்குறிப்பு ஏறும்: உரிமையாளர் ஒருவர் மட்டுமே மிஞ்சினால், அவர் தனியாக விற்றுப் பதிவு செய்ய முடியாது.

அடுத்தது டிரஸ்ட் பத்திரம்: யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிவைக்கிற பத்திரம். வாய்ப்பேச்சு செல்லாது; 1925-ம் வருடச் சொத்துச் சட்டத்தின் 53-வது பிரிவு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. முகவரி, டைட்டில் எண், சதவீதம், தேதி எல்லாம் இருக்கட்டும். அதிகம் சறுக்குவது இங்கேதான். வாடகை மட்டும் 90:10, வீடு 50:50 என்று எழுதினால் ஃபார்ம் 17 செல்லாது. இரண்டும் ஒரே பங்காக இருக்க வேண்டும். வரிக்காகத்தானே, வீடு நிஜத்தில் பாதிப் பாதிதான் என்று மனதுக்குள் வைத்திருப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கொடுத்தால் கொடுத்ததுதான்.

படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, பத்திர நகலோடு அனுப்ப வேண்டும். கடைசிக் கையெழுத்திலிருந்து 60 நாளுக்குள் எச்எம்ஆர்சி கையில் இருக்க வேண்டும்; தபாலில் போட்ட தேதி கணக்கில்லை. தவறினால் புதிதாகக் கையெழுத்துப் போட்டு மறுபடி அனுப்ப வேண்டும். பின்தேதியிட்டும் பயனில்லை: ஜூலை 1-ல் கையெழுத்து என்றால் ஏப்ரல் 6 முதல் ஜூன் 30 வரை பழைய 50:50-தான்.

மார்ட்கேஜ் இருந்தால் முதலில் வங்கியைக் கேளுங்கள். 300,000 பவுண்டு கடனில் மனைவி கூடுதலாக 40% பொறுப்பேற்றால், 120,000 விலை கொடுத்ததாகவே ஸ்டாம்ப் டியூட்டி கணக்கு. இப்போதைய 125,000 வரம்புக்குக் கீழே என்பதால் வரி இல்லை, தம்பதிக்குள் என்பதால் இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் வரியும் கிடையாது. ஆனால் 40,000-ஐத் தாண்டியதால் 14 நாளில் ஸ்டாம்ப் டியூட்டி ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இதைக் கோட்டை விடுபவர்கள் அநேகம்.

உயிலையும் அந்த வாரமே எழுதிவிடுங்கள். கூட்டு உரிமையை முறித்த பிறகு, ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகாது. உயில் இல்லாமல் போனால், பிள்ளைகள் இருக்கும் குடும்பத்தில் துணைக்கு முதல் 322,000 பவுண்டும் மிச்சத்தில் பாதியும்தான், மீதி பிள்ளைகளுக்கு.

பின்னால் பங்கை 80:20 என்று மாற்றினால் பழைய ஃபார்ம் 17 அன்றே செத்துவிடும். புதியது போடும்வரை திரும்பவும் பாதிப் பாதி.