வெள்ளவத்தை, ஜூன்

ஜூன் 4
மேற்படிப்புக்கான ஜிஆர்இ பரீட்சைக்கு இன்னும் 17 நாள். போகும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், அதே வழியால் திரும்பும்போது 60. சராசரிக் கதி என்ன? மறுபடியும் 50 என்று எழுதிவிட்டேன். 48 தான். தூரத்தை 120 என்று வைத்தால் போக 3 மணி, வர 2 மணி. 240ஐ 5ஆல் வகுக்க வேண்டும். மெதுவாகப் போன நேரம்தான் கூட, அது சராசரியைத் தன் பக்கம் இழுக்கும். தெரிந்திருந்தும் கை 50ஐத்தான் எழுதுகிறது.

தம்பிக்குக் காய்ச்சல் மூன்றாம் நாள். டெங்கு. இரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை 142,000.

ஜூன் 5
96,000. வாட்டில் மறித்துவிட்டார்கள்.

ஜூன் 6
61,000. காய்ச்சல் விட்டுவிட்டதென்று அம்மாவுக்குச் சந்தோஷம். இனித்தான் கவனம் என்கிறார் டொக்டர், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம். குடிப்பதையும் சிறுநீரையும் அளந்து எழுத வேண்டும். அது என் வேலை. செவ்விளநீர் 150 மில்லிலீற்றர், கஞ்சி 200. அளக்கிற குவளையில் 100க்கு மேல் எழுத்து அழிந்துபோய்விட்டது, கோட்டை நகத்தால் தடவித்தான் பிடிக்கிறேன். மாமி பப்பாசி இலைச் சாறு கொடுத்துவிட்டிருக்கிறார். டொக்டரைக் கேட்காமல் ஒரு துளியும் கொடுக்கமாட்டேன்.

ஜூன் 7
38,000.

வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து கணக்குச் செய்தேன். ஐந்து பேரின் சராசரி வயது 30. ஒருவர் விலகியதும் சராசரி 28 ஆகிறது. விலகியவரின் வயது என்ன?

பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஜூன் 8
34,000. ஐந்து நாள் எண்களையும் கூட்டி 5ஆல் வகுத்தேன். 74,200. ஒரு நாளும் அவன் உடம்பில் இருந்திராத எண். ஏன் செய்தேன்? வெட்டிவிட்டேன். இங்கே ஒருவரும் சராசரி கேட்பதில்லை. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, பிசிவி (இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு) ஏறியதா, அவ்வளவுதான்.

சாதாரண தரப் பரீட்சைக்கு அவனுக்கு நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். இடை, இடையம் (நடுவில் வரும் எண்), ஆகாரம் (கூடிய தடவை வரும் எண்). இடை என்றால் எல்லாவற்றையும் கூட்டிச் சமமாய்ப் பங்கிட்டால் ஆளுக்கு வருவது என்று, கொத்துரொட்டிப் பார்சலைப் பிரித்து மூன்று கோப்பையில் போட்டுக் காட்டினேன். கூடக் கிடந்த கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். கடவுளே, அவன் ஓடட்டும்.

ஜூன் 9
34,000. இறங்கவில்லை.

ஜூன் 10
52,000!

அம்மா வாட்டு வாசலிலேயே அழுதுவிட்டார். இன்றிரவு என்னை வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார், நித்திரை வரவில்லை. சரி என்று நேரம் பிடித்து ஒரு பகுதி செய்தேன். 12 கேள்வி, 21 நிமிடம், ஒன்றுக்கு 1 நிமிடம் 45 செக்கன். ஒரே கேள்வியில் 4 நிமிடம் போய்விட்டது. மீதி 11க்கும் தலா 93 செக்கன்கூட இல்லை. நேரத்திலும் அதே கணக்குத்தான், ஒன்று இழுத்தால் மற்றதெல்லாம் குறைகிறது.

அப்புறம் அன்று செய்யாமல் விட்ட அந்த வயதுக் கணக்கு. முன்பு மொத்தம் 150. பிறகு 112. விடை 38. அந்த எண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூன் 11
செவ்விளநீர் 150. விடியற்காலையே சோறு கேட்கிறானாம். ரிப்போர்ட் பத்து மணிக்கு.