பில் நம்பர் ஒன்று

திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே, ராத்திரியும் மூடாத மருந்துக்கடை ஒன்று. அங்கே ஓடும் பில் மென்பொருள் என் கைவேலை. ஏப்ரல் 1 பிறந்ததும் பில் நம்பர் மறுபடி 1இல் தொடங்க வேண்டும். நிதியாண்டுக்குள் ஒரே நம்பர் இரண்டு பில்லில் வரக்கூடாது என்பது ஜிஎஸ்டி விதி. நம்பரை மாற்றும் வேலையை லினக்ஸில் இருக்கும் கிரானிடம் ஒப்படைத்தேன்; குறித்துக்கொடுத்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் நிரல் அது. நேரத்தைக் குறிக்க நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம். 0 0 1 4 * என்று எழுதினால் ஏப்ரல் 1, நள்ளிரவு 12 மணி. கடைசி நட்சத்திரத்துக்கு, கிழமை எதுவானாலும் சரி என்று பொருள்.

தினமும் ஓடும் வேலையில் தப்பு இருந்தால் மறுநாளே தெரிந்துவிடும். இதில், திருத்தியது சரிதானா என்று பார்க்கவே ஒரு வருஷம் ஆகும். அதற்குள் எதைத் திருத்தினோம் என்பதே மறந்துபோகும். தாத்தா திவசமும் வருஷத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே ஐயருக்குப் போன் போட அம்மா இருக்கிறார்.

2022இல் சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது. அதற்கு நள்ளிரவு ஆகும்போது நமக்கு விடிகாலை 5.30. அதுவரை போட்ட பில் எல்லாம் பழைய வரிசையிலேயே போயிருந்தது. பகல் கடையாக இருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

2023இல் நேரத்தைச் சரிசெய்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். பழைய பில்களை வருஷத்தின் பெயரில் ஒரு கோப்பாக எடுத்துவைக்கும் கட்டளையையும் அதே வரியில் சேர்த்தேன். வருஷத்தைக் கேட்டு வாங்க % குறி வேண்டும். கிரானுக்கோ % வந்தால் வரி முடிந்ததாக அர்த்தம். அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால்தான் விடும். கையால் ஓட்டிப் பார்த்தபோது சமர்த்தாக ஓடியது, நள்ளிரவில் பாதி வரியோடு படுத்துவிட்டது. கிரானையும் குறை சொல்ல முடியாது. என்ன பிழை என்று ஒழுங்காகக் கடிதம் எழுதிப் போட்டிருந்தது, சர்வருக்குள்ளேயே இருக்கும், நான் ஒருநாளும் திறக்காத ஒரு பெட்டியில்.

2024தான் உச்சம். இந்தத் தடவை விடக்கூடாது என்று காலண்டரை எடுத்தேன். ஏப்ரல் 1, திங்கட்கிழமை. கிழமைக் கட்டத்தை ஏன் சும்மா விட வேண்டும், அதிலும் திங்களுக்கு உரிய 1ஐப் போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று தோன்றியது. 0 0 1 4 1.

நள்ளிரவு 12 மணிக்குக் கண்முன்னே பில் நம்பர் 1. மறுநாள் அரைக் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு கடைக்கே போனேன். அண்ணாச்சி ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "இப்பதான்டே உருப்பட்டிருக்க" என்றார்.

அடுத்த திங்கள், ஏப்ரல் 8, காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன். "தம்பி, புது வருஷம் மறுபடியும் பொறந்துட்டா?"

தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்று நினைத்திருந்தேன். கிரான் கணக்கு வேறு. இரண்டில் எது பொருந்தினாலும் ஓடும். ஆக, ஏப்ரல் 1, அப்புறம் அந்த மாதத்துத் திங்கட்கிழமைகள் அத்தனையும். அன்று இரவு போட்ட பில் எல்லாம் ஏற்கெனவே போய்விட்ட நம்பர்கள். ஆடிட்டர் என்னிடம் பேசவில்லை. அண்ணாச்சியிடம் பேசினார், என் காதில் விழும்படி.

போதும் என்று திரையில் ஒரு பொத்தான் வைத்து, பில் போடும் அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தேன். புதுத் தினசரி காலண்டர் வந்த அன்றே மார்ச் 31 தாளில் பேனாவால் எழுதிவைத்துவிட்டார்: 'ராத்திரி பில் நம்பர் 1.'

2025 மார்ச் 31. தூங்காமல் கடையில் உட்கார்ந்திருந்த அக்கா, கூட்டம் குறையட்டும் என்று பார்த்து 12.10க்குப் பொத்தானை அழுத்தினார். நான் கிழமையைத் திருத்தியதோடு விட்டுவிட்டு அழிக்க மறந்த கிரான் வரி, வாழ்நாளிலேயே முதல்முறையாகச் சுத்தமாக, சரியாக 12 மணிக்கே ஓடி முடித்திருந்தது. இடையில் மூன்று பில். அதில் ஒன்று அண்ணாச்சி வீட்டுக்கே போன இருமல் மருந்து.