தோல் நோய்க்கு எண்ணெய் குடிப்பதென்றால்

கருஞ்சீரக எண்ணெயை வாயில் விட்டதும் முதலில் தெரிவது கசப்பு. இரண்டு விநாடி கழித்து, மிளகைக் கடித்தது போலத் தொண்டையில் ஓர் எரிச்சல் கிளம்பும். அது அடங்குவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். இவ்வளவு உக்கிரமாக இருப்பது உள்ளே போய் எதையாவது செய்யாமலா விடும் என்று மனம் தானாகவே நம்பத் தொடங்கிவிடும். எக்சிமாவிலும் சோரியாசிஸிலும் இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்டவர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை வருவதில் வியப்பே இல்லை. ஆனால் நாக்கில் தெரியும் வேகத்தை மருந்தின் வேகம் என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அளவு கூடிக்கொண்டே போகிறது, குடிக்கக் கூடாத எண்ணெயைக் குடிக்கிறார்கள், கெட்டுப்போன எண்ணெயின் காறலையும் மருந்தின் குணம் என்றே பொறுத்துக்கொள்கிறார்கள்.

கருஞ்சீரக எண்ணெயில் இரண்டு பகுதிகள் உண்டு. பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம். சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் அதே கொழுப்புதான். தோலின் வெளிப்படலம் நீர் இழக்காமல் இருக்க இந்த அமிலம் தேவை என்பது உண்மை. அது குறைந்தால் தோல் வறண்டு செதில் விடும். மீதிச் சிறு பகுதி ஆவியாகும் எண்ணெய். அதில் இருக்கும் தைமோகுயினோன்தான் தொண்டையை எரிப்பது, மணம் தருவது, ஆய்வுக்கூடங்களில் அழற்சியைத் தணிப்பதாகக் காணப்பட்டதும் அதுவே. ஒரு பாட்டிலில் அது 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும், இன்னொன்றில் 3 சதவீதம் இருக்கும். அதனால் "நான் ஒரு ஸ்பூன் குடித்தேன், எனக்குக் கேட்டது" என்று ஒருவர் சொல்லும் அளவு உங்கள் பாட்டிலுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த எண்ணெயானாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது பிழிந்த எண்ணெயா, வடித்த எண்ணெயா என்பதுதான். விதையை ஆட்டிப் பிழிந்தது ஒரு வகை. இலை, பட்டை, பூ ஆகியவற்றை ஆவியில் வடித்து எடுத்தது வேறு வகை. டீ ட்ரீ, யூகலிப்டஸ், கற்பூரம், கிராம்பு, ஆரிகானோ எண்ணெய்கள் எல்லாம் இந்த இரண்டாம் வகை. இவற்றில் ஒரு மி.லி. என்பது சுமார் 20 சொட்டு. அந்த ஒரு மி.லி.க்குள் ஏராளமான இலையின் சாரம் அடங்கியிருக்கும். முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல் தடவினால் பலன் கிடைக்கிறது. அதே எண்ணெயில் இரண்டு டீஸ்பூனுக்கும் குறைவாக விழுங்கியவர்கள் நடை தள்ளாடி நினைவிழந்திருக்கிறார்கள். யூகலிப்டஸும் கற்பூர எண்ணெயும் சிறு குழந்தைகளுக்கு 5 மி.லி.க்குள்ளேயே வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியவை. வடித்த எண்ணெயைக் குடிக்காதீர்கள். தேனில் கலந்தாலும் சரி, "இரண்டே சொட்டு" என்றாலும் சரி.

வேப்பெண்ணெயைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது பிழிந்த எண்ணெய்தான், ஆனாலும் குடிக்கத் தகாதது. கசப்பும் பூண்டு போன்ற கந்தக வாடையும் சேர்ந்து, இதைவிடக் கடுமையான மருந்து இல்லை என்று தோன்ற வைக்கும். சின்னக் குழந்தைகளுக்குச் சளிக்கும் வயிற்றுக்கும் வேப்பெண்ணெய் புகட்டி, சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வேக மூச்சு, வலிப்பு என்று போய், கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே பதிவு செய்தார்கள். கொடுத்த அளவு ஒரு டீஸ்பூன் அளவிலேயே இருந்ததும் உண்டு. வேப்பெண்ணெய் மேலுக்கு மட்டும்; அதையும் வேறு எண்ணெயில் கலந்து, முதலில் ஓர் இடத்தில் தடவிப் பார்த்துவிட்டு. "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று போட்டிருக்கும் காய்ச்சிய மூலிகைத் தைலங்களுக்கும் இதே விதிதான். அவற்றில் சேர்ந்திருக்கும் சரக்குகள் வயிற்றுக்கென்று அளந்து போட்டவை அல்ல.

குடிப்பதால் பலன் உண்டா? சான்று மெலிதானது என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஈவினிங் பிரிம்ரோஸ், போரேஜ் ஆகிய இரண்டு செடிகளின் விதை எண்ணெய்கள்தான் எக்சிமாவுக்கு அதிகம் சோதிக்கப்பட்டவை. அவற்றில் உள்ள காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அரிப்பைக் குறைக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, சுமார் 1,600 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, ஒப்பிடத் தந்த மருந்தில்லாத போலி மாத்திரையைவிட இவை மேலானவை அல்ல என்று முடித்தது. அதற்கு முன்பே, 2002-ல், பிரிட்டன் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய்க்குத் தந்திருந்த மருந்து உரிமத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது. போரேஜில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் எனும் நச்சுப் பொருள்கள் இருப்பதால், அவை நீக்கப்பட்டது என்று சான்று இல்லாத எண்ணெயைத் தொடவே கூடாது. கருஞ்சீரகத்துக்குச் சில சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் எண்ணிக்கை குறைவு, காலமும் குறைவு. மாய்ஸ்சரைசரும் மருத்துவர் தந்த களிம்பும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, அவற்றோடு சேர்த்து முயன்று பார்க்கலாம் என்ற அளவுக்குத்தான் அதற்கு இடம் தருவேன். களிம்பை நிறுத்திவிட்டு எண்ணெயைப் பிடிப்பது ஆபத்து. அதிலும் சோரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர் அதைத் திடீரென்று விட்டால், நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பி உடம்பு முழுவதும் பரவக்கூடும்.

படர்தாமரைக்கும் சிரங்குக்கும் எந்த எண்ணெயும் குடிக்க வேண்டாம். ஒன்று பூஞ்சை, மற்றொன்று பூச்சி. இரண்டுக்கும் தீர்க்கும் மருந்து இருக்கிறது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இரவில் விரலிடுக்கில் அரிக்கிறது என்றால் அது சிரங்காகத்தான் இருக்கும் என்று முதலில் சந்தேகியுங்கள்.

இனி கருஞ்சீரக எண்ணெயின் அளவு. வீட்டு ஸ்பூனை நம்பாதீர்கள். ஒன்று 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும். முதல் நான்கு நாள் 1 மி.லி., ஒரு வேளை. வயிறும் தோலும் ஏற்றுக்கொண்டால் 2.5 மி.லி. இன்னும் ஒரு வாரம் கழித்துத் தேவைப்பட்டால் 2.5 மி.லி. வீதம் இரு வேளை. பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் நாளுக்கு 5 மி.லி. என்பது வழக்கமான அளவு. அதைத் தாண்ட ஒரு காரணமும் இல்லை. 5 மி.லி. எண்ணெய் சுமார் 4.6 கிராம். அப்படியானால் 500 மி.கி. கேப்ஸ்யூலில் அதே அளவு வேண்டுமென்றால் ஒன்பது விழுங்க வேண்டும். "நாளுக்கு ஒரு கேப்ஸ்யூல்" சாப்பிட்டுப் பலனில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு சமயத்தில் ஒரே எண்ணெய்தான் எடுக்க வேண்டும். இரண்டு மூன்றைக் கலந்தால் கேட்டது எது, ஒத்துக்கொள்ளாதது எது என்று கடைசிவரை தெரியாது.

சுவைக்கு வருவோம், பலர் பாதியிலேயே நிறுத்துவது அதனால்தான். குடித்த கையோடு தண்ணீர் குடிப்பதுதான் முதல் தப்பு. தண்ணீர் எண்ணெயைக் கழுவாது, வாய் முழுக்கப் பரப்பிவிட்டுப் போகும். எண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எண்ணெயில் மணம் அதிகம் எழும்பாது. ஒரு ஸ்பூனில் கெட்டித் தயிரை எடுத்து நடுவில் குழி செய்து, சிரிஞ்சிலிருந்து 2.5 மி.லி. எண்ணெயை அந்தக் குழியில் விடுங்கள். மேலே இன்னும் கொஞ்சம் தயிரால் மூடி, நாக்கின் நடுவில் வைத்து, மெல்லாமல் விழுங்குங்கள். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் காரத்தைப் பிடித்துக்கொள்வதால் தொண்டைக்கு வரும் எரிச்சல் குறையும். உடனே ஒரு துண்டு ரொட்டியை நன்றாக மென்றால் வாயில் ஒட்டியது துடைபடும். தேன் கசப்பை மறைக்கும், ஆனால் எண்ணெயோடு கலக்காமல் பிரிந்து நிற்கும். நன்றாக அடித்துவிட்டுச் சட்டென்று விழுங்கினால்தான் உதவும். சூடான டீயில் விடவே வேண்டாம். எண்ணெய் மேலே மிதக்கும், ஆவியில் காரம் மூக்குக்கு ஏறும், முதல் வாயிலேயே முழு எண்ணெயும் நாக்கில் வந்து உட்காரும்.

வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும், மார்பு எரியும், மதியம்வரை ஏப்பத்தில் அதே வாடை வரும். சாப்பாட்டின் நடுவில் எடுங்கள். பாதி சாப்பிட்டு, எண்ணெய், பிறகு மீதி. மற்ற உணவோடு கலந்து இறங்குவதால் எண்ணெய் வயிற்றில் தனியாக மிதக்காது. எடுத்த பிறகு இரண்டு மணி நேரம் படுக்கக் கூடாது, ஆகவே படுக்கும் முன் எடுப்பது சரிவராது. ஏற்கெனவே நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கேப்ஸ்யூலுக்கு மாறினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது, அது வயிற்றுக்குள் உடையத்தான் போகிறது. பேதியானால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள்.

குழந்தைகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டுவது எல்லாவற்றிலும் மோசமானது. தண்ணீர் புரையேறினால் இருமல் வரும். எண்ணெய் அப்படி இல்லை. இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் வழுகிப்போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா ஆறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

எண்ணெய் கெட்டுப்போவதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். லினோலிக் அமிலம் காற்றும் வெளிச்சமும் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரப்படி, குளிர்முறையில் பிழிந்த எண்ணெயின் பெராக்சைடு மதிப்பு (எண்ணெய் எவ்வளவு காறத் தொடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் எண்) கிலோவுக்கு 15 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டக் கூடாது. நல்ல தயாரிப்பாளர் சோதனை அறிக்கையில் அந்த எண்ணைத் தருவார். சாதாரண எண்ணெய் காறினால் மூக்கே சொல்லிவிடும். கருஞ்சீரகத்தின் சொந்தக் காரமோ காறலை மூடி மறைக்கும். அதனால் திறந்த நாளை லேபிளில் எழுதுங்கள். அன்றே ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மிளகும் ஓமமும் கலந்த கூர்மையான மணம் வரும். சில வாரம் கழித்து அந்தக் கூர்மை மங்கி, அடியில் பழைய பெயின்ட் டப்பா அல்லது மெழுகுக் கிரேயான் போல ஒரு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். பாட்டிலின் வாயைச் சுற்றி, மூடியின் உள்பக்கத்தில் பசைபோல ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தையும் பாருங்கள். அது காற்றில் இறுகிய எண்ணெய். துடைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் புது எண்ணெயோடு அதுவும் சேர்ந்து வரும். 100 மி.லி. அடர்நிறக் கண்ணாடி பாட்டிலாக வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்து, எட்டு வாரத்துக்குள் முடிப்பதே நல்லது. பெரிய பாட்டில் மலிவு என்று வாங்கினால் கடைசிப் பாதி கெட்ட எண்ணெயாகத்தான் இருக்கும். ஆளி விதை எண்ணெய்க்கு வேறு கதை. புதிதாக இருக்கும்போது அது கொட்டை மணத்தோடு மிருதுவாக இருக்கும். நாளாக ஆகத்தான் கசக்கும். அதிலுள்ள ஒரு புரதத் துணுக்கு ஆக்சிஜனேற்றம் அடைவதே காரணம். அங்கே கசப்பு என்றால் பழசு என்றே அர்த்தம்.

எண்ணெய் தொடங்கிய முதல் வாரத்தில் புதிதாகத் தடிப்பு வந்தால் "உள்ளே இருந்த நச்சு வெளியேறுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். அது ஒவ்வாமை. கருஞ்சீரக எண்ணெய் தடவியதாலும் குடித்ததாலும் கொப்புளங்களோடு கடுமையான தோல் அழற்சி வந்த மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. தடிப்பு வந்தால் அன்றே நிறுத்துங்கள். கொப்புளம், வாய்ப்புண், காய்ச்சல், முக வீக்கம் இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு.

மருந்துகளோடு மோதுவதையும் மறந்துவிடக் கூடாது. கருஞ்சீரகம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். அவற்றுக்கு மாத்திரை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து தலைசுற்றலில் கொண்டுவிடும். மெட்டோபிரோலால் என்ற ரத்த அழுத்த மருந்து போன்ற சில மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தையும் அது குறைக்கக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடங்கவே வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் இந்த மோதல்கள் பிடிபடாமல் போகின்றன.

பலனைக் கணக்கிட ஒரு வழி வேண்டும். மேல்தோல் புதிதாக மாறவே சுமார் நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் தீர்ப்பு எழுத முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தாருங்கள். வாரம் ஒரு முறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்திலிருந்து அதே இடத்தைப் படம் எடுங்கள். எக்சிமா என்றால் போயம் எனும் ஏழு கேள்விப் பட்டியல் இருக்கிறது. கடந்த வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது என்று கேட்டு, 28-க்கு மதிப்பெண் தரும். தொடங்கும் நாளில் ஒன்று, பிறகு இரு வாரத்துக்கு ஒன்று. மூன்று நான்கு புள்ளியாவது குறைந்தால்தான் உண்மையான மாற்றம். இந்தக் காலத்தில் புது சோப்பு, புது களிம்பு எதையும் மாற்றாதீர்கள், வானிலை மாறினால் குறித்து வையுங்கள். எக்சிமா தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், மதிப்பெண் குறைந்தாலும் பன்னிரண்டாம் வாரம் முடிந்ததும் எண்ணெயை மட்டும் நான்கு வாரம் நிறுத்துங்கள். அந்த நான்கு வாரமும் மதிப்பெண் ஏறவில்லையானால், இறக்கியது எண்ணெய் அல்ல, பாட்டிலை மறுபடி வாங்க வேண்டியதில்லை. ஏறினால், அதே அளவில் திரும்பத் தொடங்கி மறுபடி இறங்குகிறதா என்று பார்க்கலாம்.