மூன்றாம் பாகம் விரிந்து படுத்துவிட்டது

பாட்டி சேர்த்த தொடர்கதைப் பைண்டில், நான் பிரித்துப் புதிதாகத் தைத்த மூன்றாம் பாகத்தை நடுவில் திறந்து வைத்தால், கையை எடுத்த பிறகும் மூடிக்கொள்ளாமல் அப்படியே படுத்துக் கிடக்கிறது. பைண்டிங் செய்கிறவர்களுக்கு இது என்ன சந்தோஷம் என்று தெரியும். நேற்று ராத்திரி வெறுமனே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வந்தபோது வாராவாரம் பிரித்தெடுத்து, மணியம் படங்களோடு, கும்பகோணத்தில் கொடுத்துக் கட்டி வைத்த ஐந்து பாகங்கள். நான் வாசகியானது இவற்றில்தான். அந்தக் காலப் பைண்டு எல்லாம் பக்கத் தையல். ஓரத்தில் குத்தூசியால் துளை போட்டு ஒரே இறுக்கு. ஆயுசுக்கும் பிரியாது, ஆனால் முழுசாகத் திறக்கவும் திறக்காது. 'வந்தியத்தேவ' வரை கண்ணுக்குத் தெரியும், 'ன்' தையலுக்குள் இருக்கும். எட்டு வயதில் பாதி வார்த்தைகளை ஊகித்துத்தான் படித்தேன்.

இன்னொரு விஷயம், தாளின் பின்பக்கங்கள். தொடர் முடிகிற தாளின் மறுபுறம் வேறு ஏதோ சிறுகதையின் நடுப்பகுதி மட்டும் இருக்கும். ஒருத்தி ரயிலேறுகிறாள். ஏன் ஏறினாள், எங்கே இறங்கினாள், ஒன்றும் தெரியாது. அந்த மீதியைத் தேடித்தான் கிளை நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் கதை இன்றுவரை கிடைக்கவில்லை. தேடின இடத்தில் கிடைத்த மற்றவற்றையெல்லாம் படித்தேன், படித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் பின்பக்கத்தில் ஒரு விளம்பரம்கூட மறையாமல் கட்ட வேண்டும் என்று பிடிவாதம்.

பிரிப்பது, துரு பிடித்த பின்னை எடுப்பது, தூசு தட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. என்னை ஆட்டிவைத்தது ஒட்டுப்பட்டை. எல்லாம் ஒற்றைத் தாள்கள், மடிப்பே கிடையாது. மடிப்பு இல்லாமல் பாரம், அதாவது ஒன்றுக்குள் ஒன்று மடித்த தாள்களின் கட்டு, தைக்க முடியாது. ஆகவே முதல் தாளை எட்டாவதோடும் இரண்டாவதை ஏழாவதோடும் மெல்லிய பட்டையால் இணைத்து, நான்கு சோடியை ஒன்றுக்குள் ஒன்று மடித்துப் பதினாறு பக்கப் பாரமாக்க வேண்டும். இதில் சூட்சுமம் இடைவெளியில் இருக்கிறது. வெளிச்சோடியின் இரண்டு தாளுக்கும் நடுவே விடும் இடம் உள்சோடியைவிட மயிரிழை கூடுதலாக இருக்க வேண்டும். மடித்தால் அது உள்ளே இருக்கும் மூன்று சோடிகளின் கனத்தையும் சுற்றி வர வேண்டுமே. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு விட்டால் பாரம் விறைத்துக்கொண்டு நிற்கும்.

பட்டையைக் கத்தியால் வெட்டாதீர்கள். தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு இழுத்து, கையால் கிழியுங்கள். ஓரத்தில் நார் நாராக நிற்கும். அது ஒட்டின இடத்தில் மேடு தட்டாது. நார் ஓட்டம், அதாவது தாளின் இழைகள் ஓடும் திசை, பட்டையின் நீளவாக்கில் இருக்கட்டும், இல்லையென்றால் பசை பட்டதும் நெளியும்.

பசை பற்றிச் சண்டைக்கே வருவேன். மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவதுதான் நம் ஊர் வழக்கம், பூச்சி வராது. ஆனால் துத்தம் என்பது செம்பு உப்பு. செம்பு தாளை இன்னும் வேகமாக அரிக்கும். ஏற்கெனவே மரக்கூழில் செய்த மலிவுத் தாள், லிக்னின் நிறைந்தது, வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுத்துவிட்டது. மூலையை மடித்தால் அப்பளம்போல் உடைகிறது. அதற்கு மேலும் துத்தமா? அல்வாவுக்கு எடுக்கிற மாதிரி கோதுமைப் பால் எடுத்து, தெளிந்த தண்ணீரை மாற்றி மாற்றி இறுத்து, அடியில் நிற்கும் மாவை மட்டும் காய்ச்சிக்கொள்கிறேன். ஃபெவிகால் பக்கமே போவதில்லை. நாளைக்கு யாராவது திரும்பப் பிரிக்க நினைத்தால் கோதுமைப் பசை ஈரத்துக்கு விட்டுக்கொடுக்கும், ஃபெவிகால் தாளையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். பூச்சிக்கு அலமாரியில் வசம்பு போதும்.

பசையைத் தாளில் தடவக் கூடாது, பட்டையில் தடவ வேண்டும். தடவி, ஈரம் கொஞ்சம் இழுக்கும்வரை காத்திருந்து, பிறகு ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பழைய தாளில் பழுப்புக் கோடு ஓடும், அது போகவே போகாது.

கனமான அட்டை, காலிக்கோ துணி, நூல் எல்லாம் சென்னை ஆண்டர்சன் தெருவில் வாங்கியாயிற்று. அட்டை வெட்டித் தந்த கடையில், நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக வரட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் குறுக்கே வெட்டிவிட்டார்கள். வளைத்துப் பார்த்தாலே தெரிகிறது. அதைப் பெட்டி செய்ய வைத்திருக்கிறேன். பட்டைக்கான ஜப்பானியக் கோசோ தாள் நான் கேட்ட கடைகளில் இல்லை, வரவழைத்ததில் விலை கண்ணைக் கட்டுகிறது.

நான்காம் பாகத்தில் ஒரு வாரத் தாள்கள் இல்லவே இல்லை. யாரோ இரவல் வாங்கியபோது போனது என்று பெரியம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரிக்கப் போகிறேன். கோட்டையூரில் தனி மனிதராக அவர் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-ல் அந்த நூலகமாயின. அந்த இதழ் இருந்தால் பிரதி எடுத்து, நகல் என்று பார்த்ததும் தெரியும்படி வேறு நிறத் தாளில் சேர்த்துக் கட்டுவேன்.

அதற்குள் மனசு அம்புலிமாமா பக்கம் ஓடுகிறது. ஒரு கட்டு இருக்கிறது. நடுப்பின் அடித்தவை, மடிப்பு ஏற்கெனவே இருக்கிறது. பின்னை எடுத்துவிட்டு அந்தத் துளையிலேயே நூல் ஓட்டினால் போதும், பட்டை வேலையே இல்லை. ஆனால் வரிசையில் நான்காவதும் ஐந்தாவதும் நிற்கின்றன. மூன்றாவதுக்கே இன்னும் அட்டை ஏறவில்லை. பாட்டியின் பைண்டில் இருந்த அந்த அடர்ந்த மெரூன் காலிக்கோ எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வாங்கியது சிவப்படிக்கிறது.