பெட்டியை இறக்கிய நாட்கள்

8 டிசம்பர் 2024, ஞாயிறு

ஆட்டோமேட்டிக் கார். லீவரை நிறுத்தத்துக்கான 'பி'யிலிருந்து ஓட்டத்துக்கான 'டி'க்கு மாற்றினால் வண்டி உடனே பிடிப்பதில்லை. இன்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பிறகே யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதைப் போல ஓர் உதறல். ஃபெஞ்சல் புயலுக்கு முன்பெல்லாம் லீவரிலிருந்து கையை எடுப்பதற்குள் பிடித்துவிடும்.

என் கற்பனையாகவும் இருக்கலாம். மூன்றாம் தேதியிலிருந்து நான் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

10 டிசம்பர், செவ்வாய்

கற்பனை இல்லை. கோரிமேட்டு மருத்துவமனையிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, ராஜீவ் காந்தி சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். என்ஜின் கூச்சலிட்டதே தவிர வண்டி அந்த வேகத்துக்கு நகரவில்லை. பிறகு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதன்பின் எத்தனை மெதுவாகப் போனாலும் மூன்றாவது கியரை விட்டுக் கியர் பெட்டி அசைய மறுத்தது. கோளாறு தெரிந்ததும் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில், பின்னால் அடித்த ஹாரன்களும், "என்னப்பா, டீசல் போடலையா?" என்று அம்மா கேட்டதும் மட்டுமே காதில் விழுந்தன. வண்டி பெட்ரோல் வண்டி.

11 டிசம்பர், புதன்

தெருவில் உள்ளவர்கள் கயிறு கட்டி இழுத்துப் போகலாம் என்றார்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை அப்படிச் செய்யக் கூடாது. என்ஜின் ஓடினால்தான் பெட்டிக்குள்ளிருக்கும் பம்ப் சுழன்று எண்ணெயை அனுப்பும். என்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தை மட்டும் உருட்டினால் உள்ளே எல்லாம் வறட்சியில் உரசும். ஆகவே நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் லாரிக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன். ஏற்கெனவே கெட்டதை மேலும் கெடாமல் கொண்டுபோக முதல் செலவு.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். ஆட்டோவில் போய்வந்தோம், போக 150, வர 150. வேகத்தடை ஒவ்வொன்றிலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

14 டிசம்பர், சனி

நிறுவனப் பட்டறையில் எண்ணெயை வடித்துக் காட்டினார்கள். நல்ல எண்ணெய் கண்ணாடி வளையல் போலச் சிவந்து தெளிந்திருக்கும். மிகவும் உழைத்த எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து என்னிடம் நீட்டப்பட்டது இரண்டும் இல்லை, தண்ணீர் கலந்து அசல் ரோஸ்மில்க். அந்த இளைஞர் குலுக்கிக் காட்டினார்; நுரைகூட ரோஸ்மில்க் நுரைதான்.

மதிப்பீட்டுத் தாளை இரவில் மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். புதிய கியர் பாக்ஸ் 2,38,000; அதற்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. 66,640. கூலி 24,000, அதற்கு 18 சதவீதம் 4,320. எண்ணெய் எட்டு லிட்டர், வரி உட்பட 8,400. மொத்தம் 3,41,360 ரூபாய். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. தவறு இருந்துவிடாதா என்று மூன்று முறை கூட்டினேன். பெட்டியைப் பிரித்துக் கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றித் தர முடியாதா என்று கேட்டதற்கு, தாங்கள் பிரிப்பதில்லை, முழுதாகத்தான் மாற்றுவோம் என்றார்கள். ஏழு வயது வண்டி. நல்ல நிலையில் விற்றாலே நான்கு லட்சத்தைத் தொடாது.

மைத்துனர் வேறு கணக்குப் போட்டார். காப்பீட்டில் வண்டிக்கு எழுதியுள்ள மதிப்பு, அதாவது ஐ.டி.வி., 3,80,000. பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதி மொத்தத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும். 75 சதவீதம் என்பது 2,85,000. "மாமா, உங்களுக்கு லாட்டரி" என்றார்.

இரவு பாலிசியை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். வெள்ளம், புயல் இரண்டும் காப்புக்குள் வருகின்றன. இயந்திரக் கோளாறு வராது. தேய்மானம் வராது. இன்னும் கீழே ஒரு நிபந்தனை: பழுது நீக்காமல் வண்டியை ஓட்டினால், அதனால் அதிகரிக்கும் சேதம் முழுவதும் உரிமையாளர் பொறுப்பு.

மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி முதல் நாள். விடியற்காலையில் பாவைப்பாட்டு கேட்டது, கூடவே கணக்கும். என்ஜினையும் கியர் பெட்டியையும் தண்ணீரிலிருந்து காக்கும் கூடுதல் காப்பீட்டைச் சென்ற ஆண்டு வேண்டாமென்று நீக்கியவன் நானே. மிச்சம் 2,640 ரூபாய்.

17 டிசம்பர், செவ்வாய்

ஆட்டோ. 300.

18 டிசம்பர், புதன்

காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். கண்ணியமானவர். நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்ததையும், ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதையும், கிருஷ்ணா நகர் மூழ்கியதையும் நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவருடைய வண்டியும் மூழ்கியதாம். முன்பக்க நம்பர் பிளேட் மறையும் வரை தண்ணீர் நின்றதற்குச் செல்பேசியில் படம் வைத்திருந்தேன். பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணீர் வடிந்த பிறகு முதன்முதலில் எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள்?"

மைத்துனர் சொல்லிக் கொடுத்திருந்த பதில் என் நாக்கு நுனியில் இருந்தது: செய்யவே இல்லை, நேராக இங்கே ஏற்றி வந்தோம். ஆனால் முன்கண்ணாடிக்கும் டாஷ்போர்டுக்கும் இடையே மருத்துவமனை வாகன நிறுத்தச் சீட்டு செருகியிருந்தது, நீலப் பந்துமுனைப் பேனாவில் 3/12 என்று எழுதி. அதை அவர் பார்த்தாரா என்று தெரியாது. சீட்டு இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்கே உறுதியில்லை. மூன்றாம் தேதி என்றேன். தெருமுனையில் அப்போது தண்ணீர் இருந்ததா என்றார். முழங்கால் அளவு என்றேன். எழுதிக்கொண்டார்.

மைத்துனர் இன்னும் என்னோடு பேசவில்லை.

20 டிசம்பர், வெள்ளி

அன்று ஆட்டோ ஒன்றும் வரவில்லை என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

23 டிசம்பர், திங்கள்

மின்னஞ்சலில் பதில் வந்துவிட்டது. தரை விரிப்பு, மின்கம்பிக் கட்டு ஆகியவற்றுக்கு மட்டும் தொகை உண்டு. விரிப்புக்குப் பாதியும், ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும் கழித்து, கட்டாயப் பிடித்தம் போக, கையில் வரப்போவது 7,150. கியர் பெட்டிக்கு இல்லை.

வண்டியை மறுபடியும் லாரியில் ஏற்றிச் சுல்தான்பேட்டை மெக்கானிக் பாயிடம் இறக்கினேன். மறுபடியும் 3,000.

24 டிசம்பர், செவ்வாய்

ஒரு தரகர் இருக்கும் நிலையிலேயே 1,60,000 தருகிறேன் என்கிறார். புதுப்பேட்டையில் பழைய பெட்டி 65,000-க்குக் கிடைக்குமாம். அது எந்த வெள்ளத்தில் குளித்த பெட்டியோ, யார் கண்டது? சாதாரண கியர் வண்டி வாங்கிவிடுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையாகச் சொன்னார். என் இடது காலில் இருக்கும் தகடு அவருக்குத் தெரியாது. கிளட்ச் மிதிப்பது அந்தக் காலோடு முடிந்துபோயிற்று.

27 டிசம்பர், வெள்ளி

பாய் பெட்டியை இறக்கிப் பிரித்துவிட்டார். மேசையில் செய்தித்தாள் விரித்து, கழற்றிய வரிசை மாறாமல் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஓர் எண். கிளட்ச் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "கட்டை விரலால் தேயுங்க சார்" என்றார். தேய்த்தேன். மேலே ஒட்டியிருந்த பழுப்புப் பூச்சு, மழையில் நனைந்த நோட்டு அட்டை மாதிரி, விரலோடு திரண்டு வந்தது. அந்தப் பூச்சு காகிதத்தைப் போன்ற நாரால் ஆனது, பசையால் தட்டில் ஒட்டப்பட்டது. எண்ணெயில் எத்தனை ஆண்டு ஊறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் கலந்தால் பசை விட்டுவிடும். உரிந்த துகள்கள் எண்ணெயோடு போய், எண்ணெயை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய பாதைகளை அடைத்துக்கொள்ளும்.

வெறும் எண்ணெயை மட்டும் மாற்றினால் போதாதா என்ற என் ஆசையையும் அவர் முடித்துவைத்தார். அடைப்பானைத் திறந்தால் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் வடியும், மீதி, என்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும், மூன்று நான்கு முறை மாற்றினாலொழிய தண்ணீர் போகாது. முதல் நாளே செய்திருந்தால் பிழைத்திருக்கலாம்; தட்டு உரிந்த பிறகு செய்து பயனில்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று கேட்டேன். பெட்டியின் மேலே சூட்டில் விரியும் காற்று வெளியேற ஒரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. தண்ணீர் அதற்கு மேலே நின்றால் அதன் வழியாக இறங்கியிருக்கும். அல்லது, ஓடிச் சூடேறிய பெட்டி தெருத்தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தால், அதே குழாய் வழியாக வெளியிலிருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியானால் இது சனிக்கிழமை நின்ற தண்ணீரா, செவ்வாய்க்கிழமை நான் ஓட்டிய தண்ணீரா? பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் ஒரே நிறம்தான் சார்" என்றார்.

அவருடைய தாள்: தட்டுகளும் சீல்களும் அடங்கிய ஓவர்ஹால் கிட் 41,000. டார்க் கன்வெர்ட்டரைச் சென்னைக்கு அனுப்பி வெட்டித் திறந்து கழுவி மீண்டும் பற்றவைக்க 14,000. வால்வ் பாடி சுத்தமும் மின்சாரத்தால் இயங்கும் வால்வான சொலினாய்டு இரண்டும் 11,500. எண்ணெய், அலசுவதற்கும் சேர்த்துப் பன்னிரண்டு லிட்டர், 12,000. கூலி 25,000. போக்குவரத்து 3,000. ஆக 1,06,500.

அம்மாவிடம் முப்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

31 டிசம்பர், செவ்வாய்

ஸ்டீல் தட்டுகளும் நீலம் பாரித்திருக்கின்றனவாம், சூட்டில். பம்ப் புஷ்ஷும் போய்விட்டது. இன்னும் 13,500. ஒன்று இருபது.

ஆட்டோவுக்குப் போய்வர 300 என்றால், 1,20,000 ரூபாய் நானூறு முறைக்குப் போதும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் இருநூறு வாரம். ஏறக்குறைய நான்கு ஆண்டு. அந்த எண் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். கணக்கு பழுதுபார்க்க வேண்டாம் என்கிறது. நான்கு ஆண்டு ஆட்டோவில் போக வேண்டியிருந்தால் அது நஷ்டமா என்ன?

பாயிடம் செய்யச் சொல்லிவிட்டேன். முன்பணம் 50,000.

1 ஜனவரி 2025, புதன்

ஒன்றுமில்லை.

2 ஜனவரி, வியாழன்

டார்க் கன்வெர்ட்டர் சென்னையிலிருந்து இன்னும் வரவில்லை. பார்சல் லாரி அலுவலகத்தில் நாளை என்கிறார்கள். நேற்றும் அதையே சொன்னார்கள். நாளைக்கு ஆட்டோவிடம் சொல்லியாயிற்று, எட்டரைக்கு.

சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையிலிருந்த பாயின் தாளை அம்மா எடுத்திருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மளிகைப் பட்டியலைப் பார்ப்பதைப் போல ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "எண்ணெயும் இதுக்குள்ளயே வந்துடுதா?" என்று கேட்டார்.