டிரம்முக்குப் பின்னால

ஆகஸ்ட் 4

ஜீப்பு பட்டறையிலேருந்து வந்துருச்சு. டிரான்ஸ்பர் கேஸை, அதான் கியர் பாக்ஸ் இழுவையை முன், பின் சக்கரத்துக்குப் பிரிச்சு அனுப்புற பெட்டியை, இறக்கிப் பிரிச்சு பேரிங், கேஸ்கெட், ஆயில் வெளிய வராமப் பிடிக்கிற சீல் எல்லாம் புதுசு. "இனிமே அந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே வேணாம் தம்பி"ன்னு சாவியைக் கொடுத்தாரு மெக்கானிக் அண்ணன். எட்டிப் பாக்காம எப்படி?

ஆகஸ்ட் 5

காலையிலயே அடியில படுத்தாச்சு. நம்ம மஹிந்திரா 540 ஜீப்புல கை பிரேக் சக்கரத்துல கிடையாது. டிரான்ஸ்பர் கேஸுலேருந்து பின் ஷாப்ட் கிளம்புற இடத்துல இருக்குற டிரம்மைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கினா கை பிரேக் போட்டும் பிரயோசனம் இல்ல, ரெண்டு பின் சக்கரத்தையும் தனித்தனி வேகத்துல சுத்தவிடுற டிபரன்ஷியல் சுத்தவிட்டுரும். அதனால முன் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு, பின்னாடி ஸ்டாண்டு. அப்புறம்தான் உள்ள போனேன்.

பின் ஷாப்டை மேல கீழ ஆட்டிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன். ஆட்டம் இல்ல. ஷாப்ட் முனையில இருக்குற ஜாயின்ட் கப்பு ஓரத்துல செந்தூரம் மாதிரி துருத்தூள் உதிர்ந்திருந்தா உள்ள ஊசி பேரிங் காஞ்சு போச்சுன்னு அர்த்தம். பின்னாடி சுத்தமா இருக்கு. முன் ஷாப்டுலதான் சந்தேகம். கிரீஸ் அடிச்சா நாலு கப்புலயும் பிதுங்கணும், மூணுலதான் வந்துச்சு. ஷாப்ட் நீண்டு சுருங்குற ஸ்லிப் யோக்குல அம்புக்குறி ரெண்டும் நேருக்கு நேர் இருக்கு. மாத்திப் பூட்டியிருந்தா தேனி ரோட்டுல வேகம் எடுத்ததும் சீட்டே நடுங்கும்.

சாயங்காலம் போடியைச் சுத்தி ஒரு ஓட்டம். சத்தம் இல்ல.

ஆகஸ்ட் 6

வண்டிக்கு அடியில போட்ட அட்டையில ஒரு சொட்டு ஆயில்.

ஆகஸ்ட் 7

எந்த ஆயில்னு பார்க்க விரலைத் தொட்டு மோந்தேன். கந்தக வாடை. கியர் ஆயில்தான், இன்ஜின் ஆயில் இல்ல.

எங்கேருந்து வருதுங்கிறதுதான் தலைவலி. ஓட்டத்துல காத்து ஆயிலைப் பின்னாடி அடிச்சுட்டுப் போயிரும், சொட்டுற இடத்தை நம்ப முடியாது. எது மேல இருக்கோ, எது முன்னாடி இருக்கோ, அங்க ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கணும். ரெண்டு வழி இருக்கு. கேஸ் வாயில ஷாப்டைப் பிடிக்கிற யோக்கோட நட்டுக்குக் கீழ, பல்லு வழியா கசிஞ்சா ஜாயின்ட் மேல தெறிக்கும். அது பரவாயில்ல, நட்டைக் கழட்டி அனபாண்டு பசை தடவி முறுக்கினா நின்னுரும். சீல் வழியா வந்தா நேரா டிரம்முக்குள்ள. டிரம்முக்குள்ளன்னா லைனிங்ல. லைனிங்ல ஆயில் ஏறினா, நிறைய ஆளோட மேட்டுல நிக்கிறப்ப...

அந்த ஏழாவது வளைவைப் பத்தி எழுதப் போறதில்ல. அன்னைக்கு டயருக்கு அடியில கல்லை வச்சது யாருன்னு இதுவரைக்கும் தெரியலை.

ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. வீட்டுக்காரி கோயிலுக்குக் கிளம்புற நேரத்துல பவுடர் டப்பாவைக் கேட்டேன். "வண்டிக்கா? அதுக்கு ஒரு சேலையும் எடுத்துக் கொடுத்துருங்க."

டீசல் வச்சுத் துடைச்சு, காயவிட்டு, பவுடர் தூவி, மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் போயிட்டு வந்தேன். நட்டுப் பக்கம் வெள்ளையாவே இருக்கு. டிரம் தகட்டோட அடிவிளிம்புல பவுடர் நனைஞ்சு கறுத்துக் கிடக்கு. வேற எங்கயாச்சும் கசியட்டும்னு நேந்துக்கிட்டது வீண்.

ஆகஸ்ட் 9

ஏலத்தோட்டத்துலேருந்து போன். காய் பழுத்து வெடிக்குதாம். வேற ஜீப்பு ஆள் ஏத்துதாம்.

ஆகஸ்ட் 10

சமதரையில நிறுத்தி, ஆயில் மட்டம் பார்க்குற ரெண்டு பிளக்கையும் திறந்தேன். கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் ரெண்டுலயும் ஆயில் துளை விளிம்புக்கு நிக்குது. ஒண்ணுல குறைஞ்சு இன்னொண்ணுல வழிஞ்சிருந்தா நடு சீல் போச்சு, மறுபடி எல்லாத்தையும் இறக்கணும். அந்தக் கண்டம் இல்ல. உள்ள இருக்குற காத்து வெளிய போற பிரீதரையும் ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்ல. அடைச்சிருந்தா சூட்டுல உள்ள அழுத்தம் ஏறி நல்ல சீலையே தள்ளிவிட்டுரும்.

ஆகஸ்ட் 11

"சீல் புதுசு தம்பி."

"யோக் பழசுண்ணே."

கொஞ்ச நேரம் அவரு ஒண்ணும் பேசலை. "புதன்கிழமை கொண்டா"ன்னாரு.

ஆகஸ்ட் 13

டிரம்மைக் கழட்டியாச்சு. யோக்குல பழைய சீல் உதடு ஓடி ஓடி ஒரு வளையமே வெட்டியிருக்கு. நகத்தை வச்சு இழுத்தா டக்குனு மாட்டுது. அதுல எந்தச் சீலைப் போட்டாலும் கசியத்தான் செய்யும். எமரி தேய்ச்சுரலாம்னாரு. பள்ளத்தைத் தேய்ச்சா இன்னும் பள்ளம்தானே ஆகும்? புது யோக் தேனியில கிடைச்சுச்சு. லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவலாம்னு பையன் சொன்னான். கூடாதுன்னுட்டேன். குடிச்ச ஆயில் சூடு ஏறினா திரும்பக் கக்கும். அதுவும் புதுசுதான் போட்டாச்சு. காசு போனது போனதுதான்.

ஆகஸ்ட் 15

லீவு. ஆள் பாரத்துக்குப் பதிலா மணல் மூட்டை ஏத்திக்கிட்டு போடிமெட்டு மலை ரோடு. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. ஏழாவதுல ஓரங்கட்டி, கியரை நியூட்ரல்ல தள்ளி, கை பிரேக்கை இழுத்தேன். மிதியிலேருந்து காலை எடுக்க மனசு வரலை. எடுத்தேன். நின்னுச்சு. பின்னாடி வந்த பஸ்காரர் ஹாரன் அடிச்சே கொன்னுட்டாரு.

ஆகஸ்ட் 16

அட்டை காஞ்சு கிடக்கு. தோட்டத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாச்சு.

ஆகஸ்ட் 18

விடியறதுக்கு முன்ன ஆள் ஏத்தணும். முன் ஷாப்ட் ஜாயின்ட் தேனியில இல்ல, மதுரைக்குச் சொல்லியிருக்கு. அது வர்ற வரைக்கும் முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்குற ஃபோர் வீல் போட வேணாம்னு பாக்குறேன். மழை மட்டும் பெய்யாம இருந்தா சரி.