‘லெட்சுமிதானே?’ என்று கேட்காதீர்கள்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரும் தாதியருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மருந்துத் தட்டோடு கட்டிலருகே போய் "நீங்க லெட்சுமிதானே?" என்று கேட்காதீர்கள். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் தன் வாயால் சொல்லும்வரை நில்லுங்கள். முதல் கேள்விக்கு எங்கள் ஆட்களில் நிறையப் பேர் "ஆமாங்க மிஸ்" என்றுதான் சொல்வார்கள். காது சரியாகக் கேட்காவிட்டாலும் சொல்வார்கள், நாம் வாசித்த பெயர் பக்கத்துக் கட்டிலுக்காரருடையதாக இருந்தாலும்கூடச் சொல்வார்கள்.

அதை அறியாமை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தோட்டத் தொழிலாளர்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் பதில் கொடுக்க வேண்டும், எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட சனம் அது. வெள்ளைச் சீருடைக்கு முன்னால் அந்தப் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. அதை மாற்றும் பொறுப்பைக் காய்ச்சலோடு படுத்திருப்பவரின் தலையில் போட முடியாது.

பெயர்க் குழப்பமும் இங்கே கொஞ்சநஞ்சமல்ல. ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி, ஒரு முத்துலெட்சுமி, மூவரும் ஒரே தோட்டத்தின் ஒரே டிவிஷன் என்பது எங்களுக்கு அதிசயமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் கூப்பிடுவது வேறொரு பெயர், கிளினிக் கொப்பியில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய மூன்றாவது பெயர். தாதியர் பயிற்சியில் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் மனப்பாடம் செய்கிறோமே, அதில் முதலாவதுதான் இங்கே மிகவும் சிரமமானது. அதனால் பெயரோடு நிற்காமல், நோயாளியின் விபரங்கள் எழுதப்படும் வார்ட் டிக்கட்டின் இலக்கத்தையும் வயதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, காரணம் மேலே சொன்னதுதான்.

சரி, இதெல்லாம் யாருடைய பொறுப்பு? "டொக்டர் எழுதினார், நான் கொடுத்தேன்" என்பது ஒரு பதிலே இல்லை. 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நமக்கென்று ஒரு தாதியர் பேரவை இருக்கிறது. சர்வதேச தாதியர் பேரவை 1953 இல் ஏற்றுக்கொண்டு, 2021 இல் மீண்டும் திருத்திய நெறிமுறைக் கோவையும், தான் செய்யும் பராமரிப்புக்கு ஒவ்வொரு தாதியும் தானே பொறுப்பு என்றுதான் சொல்கிறது. மருந்து அட்டையில் நாம் போடும் கையெழுத்தின் அர்த்தம் அதுதான். இன்சுலின் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்று முழுதாக எழுதாமல் ‘யூ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கியிருந்தால், அது பூச்சியம் போலத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடக்கூடும். உலகம் முழுக்கத் தெரிந்த ஆபத்து இது. எழுத்து விளங்காவிட்டால், நடுராத்திரியாக இருந்தாலும் டொக்டரை எழுப்பிக் கேளுங்கள். அவர் எரிந்து விழுந்தால் விழட்டும். இன்சுலினை இன்னொரு தாதியும் தனியாகக் கணக்குப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். சும்மா எட்டிப் பார்த்து "சரி சரி" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் வெளிநாடு போய்விட்டார்கள், இரவு ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு மணிவரை உட்கார நேரமில்லை. இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், சங்கத்தின் மூலம் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அந்தக் களைப்பின் விலையை நோயாளி கொடுக்கக் கூடாது.

அப்புறம் மொழி. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிதான், ஆனால் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் வாங்கும் நேரத்தில் அந்த வார்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போவது இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில் அக்காவோ, தேநீர் கொண்டுவரும் சிற்றூழியரோ, சில நேரம் நோயாளியின் பள்ளிக்கூடப் பிள்ளையோ மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார்கள். கர்ப்பப்பை பற்றிய விஷயத்தை அம்மாவுக்குத் தன் மகன் வழியாகச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். கருத்தடை சத்திரசிகிச்சை பற்றித் தோட்டங்களில் நீண்டகாலமாகவே கசப்பான பேச்சுகள் உண்டு, அந்த அவநம்பிக்கைக்கு மேல்தான் நாம் வேலை செய்கிறோம். விளக்கம் சொல்ல வேண்டியது டொக்டரின் கடமை. ஆனால் சாட்சியாகப் பக்கத்தில் நிற்பவர் நாம். அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தும் கைநாட்டு வைக்க விட்டால் நாமும் அதில் பங்காளிதான். "விளங்கிச்சா?" என்று கேட்டால் மறுபடியும் அதே "ஆமாங்க மிஸ்" தான் வரும். "உங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் எவ்வளவு விளங்கியிருக்கிறது, எது விளங்கவில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். விளங்கவில்லையென்றால் டொக்டரிடம் போய் இன்னொரு தரம் விளக்கச் சொல்லுங்கள், யார் மொழிபெயர்த்தார் என்பதையும் டிக்கட்டில் எழுதி வையுங்கள். எங்கள் சிங்களச் சகோதரிகள் சிலர் இதற்காகவே தமிழ் படித்து, தட்டுத் தடுமாறியாவது நோயாளியோடு தாங்களே பேசுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

தோட்டத்திலிருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவையோ தாத்தாவையோ வார்டில் சேர்க்கும்போது பழைய கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு என்றால் அதையும் சொல்லுங்கள். முன்பு ஏதாவது ஊசி போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதை நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஊசியோடு வரும் மிஸ்ஸிடம் "இது என்ன மருந்து, யாருக்கு?" என்று கேட்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்படிக் கேட்டதற்காக யாராவது ஏசினால் வார்ட் சிஸ்டரிடம் போய்ச் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.